முட்டை பொரிக்கும் பெரியவர்

ராயபுரம் கல்மண்டபத்தின் அருகே விடியற்காலையில், கான்வாஸ் ஜோடு தரித்து, கைப்பேசியைக் கண்கொட்டாமல் நோக்கியவண்ணம் விரைந்து நடந்து, திடீரென்று தெருநடுவே நின்று, எதையோ எறிவதுபோல் திரையில் விரலைச் சுண்டும் ஒரு பெரியவரைக் கண்டால், அவருக்குச் சித்தப்பிரமை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தே உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு சர்க்கரை வியாதியையும் சம்பாதித்துக்கொண்ட அவர், ஊரெங்கும் நடந்து திரைக்குள் தோன்றும் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ என்னும் கைப்பேசி விளையாட்டில் முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறார்.

2016ஆம் வருஷம் ஜூலையில் அந்நிய தேசங்களில் அவதரித்து, டிசம்பரில் நம் தேசத்துக்கும் எழுந்தருளிய அவ்விளையாட்டில், சில முட்டைகள் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பொரியும். சில ஐந்து கேட்கும். பத்து கேட்கும் பிடிவாத முட்டைகளும் உண்டு. வைத்தியர் நடக்கச் சொன்னபோது முழங்கால் வலியையும், மனைவி மன்றாடியபோது லாரிப் புழுதியையும் காரணம் காட்டிய அதே மனிதர், "தாத்தா, இன்னும் முந்நூறு மீட்டர்தான்" என்று பேரன் சொன்னமாத்திரத்தில் ஜோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். தன் சரீரத்துக்காக நடக்கச் சம்மதியாத மனிதன், பிறக்காத பிராணிக்காக நடப்பான் என்பது வைத்திய சாஸ்திரம் அறியாத ரகசியம்.

அவ்விளையாட்டில் நீர்நிலைகளின் அருகே நீர்ப்பிராணிகள் அதிகம் தோன்றுமாதலால் காசிமேட்டில் அவருக்குத் தனிப் பிரியம். லாஞ்சுகளிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் இறங்கி ஏலம் அமளிப்படும் வேளையில், அவர் மேஜிகார்ப் என்னும் உபயோகமற்ற மீனைக் குறிவைத்து நிற்பார். அதற்கு நானூறு மிட்டாய் சேர்த்தால் அது மாபெரும் கடற்சர்ப்பமாக மாறுமாம்; சர்க்கரைக்காரர் மனைவிக்கு அஞ்சாமல் சேர்க்கக்கூடிய மிட்டாய் உலகத்தில் இது ஒன்றே. "இன்னா நைனா, மீனு இங்க துள்ளிக்கினுகீது, நீ போனுக்குள்ள வல போட்டுக்கினுகீறே?" என்று கூடைக்காரம்மாள் கேட்டதற்கு இன்றுவரை அவரிடம் பதிலில்லை.

வாகனத்தில் போய் ஏமாற்றுவோரைத் தடுக்க, மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அவ்விளையாட்டு நடையாக ஒப்புக்கொள்வதில்லை. இவ்விதியை வகுத்தவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கண்டதில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்த ஷேர் ஆட்டோவில் ஒருநாள் அவர் திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமியைத் தரிசிக்கப் போனபோது, உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு முட்டை பொரிந்துவிட்டது. உழைக்காமல் பெற்ற குஞ்சு மனசாட்சியை உறுத்தவே, திரும்பும்போது தண்டையார்பேட்டை வழியாக நடந்தே வீடு சேர்ந்தார்.

அமெரிக்க வாலிபர்களிடையே நடந்து, 2016 டிசம்பரில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இவ்விளையாட்டைத் தொடங்கிய முதல் வாரத்தில் தினம் ஏறக்குறைய ஆயிரம் காலடி கூடுதலாக நடந்தவர்கள், ஆறாம் வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டதாகக் கூறுகிறது. நல்லவேளையாக இதைப் பெரியவருக்கு யாரும் படித்துக்காட்டவில்லை. எந்த நோக்கத்தோடு நடந்தாலும் நடை நடைதானே! ஆகையால் அவரை எதிரில் கண்டால் சிரிக்கவேண்டாம், உபதேசமும் செய்யவேண்டாம். லாரி வருகிறதா என்று மட்டும் பார்த்து, கையைப் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள்.