ஏரோப்ளேன் மாமா

பாரூர்ப் பக்கம் டீக்கடைக்கு ஒருவராவது தேறுவார். ஓசூர் கம்பெனியில் கன்வேயர் பக்கத்திலேயே நின்று ரிட்டையர் ஆனவர். விமானத்தில் ஏறியதில்லை, ஏறியவர்களுக்கு ஜன்னல் சீட்டுதான் தெரியும், விமானம் தெரியாது என்பது அவர் கட்சி. பெலகொண்டபள்ளியில் 1990-களில் தனேஜா ஏரோஸ்பேஸ்காரர்கள் சின்ன விமானம் செய்ததை, தானே கூடமாட நின்று ஸ்க்ரூ முடுக்கியது போலச் சொல்வார்.

அவருடைய பழைய சித்தாந்தம் இது: ரன்வே வீண்செலவு. விமானத்தைப் பெரிய கன்வேயர் மேல் நிறுத்தி, அது ஓடுகிற வேகத்துக்குப் பெல்ட்டைப் பின்பக்கம் ஓட்டினால், நின்ற இடத்திலேயே ஜிவ்வென்று எழும்பும். "நம்ம ஏரிக்கரை மேலயே ஏர்போர்ட் போடலாம்டா மாப்ளே!"

ஐ.டி.ஐ. முடித்த மாப்பிள்ளை விடவில்லை. பெல்ட் சுழற்றுவது சக்கரத்தை மட்டும்தான். விமானத்தை இழுப்பது மூக்கிலுள்ள விசிறி, அது தள்ளுவது காற்றை. சக்கரம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றிவிட்டுப் போகட்டும், விமானம் பெல்ட்டைச் சட்டை செய்யாமல் முன்னால் ஓடும். இறக்கை மேல் போதுமான காற்று பாய்ந்ததும் எழும்பும். ஆக, பறக்கும். ஆனால் ரன்வேயில் பத்தடிகூட மிச்சமாகாது. 2008-ல் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் சின்ன விமானத்தை வைத்துச் செய்துபார்த்த வீடியோவையும் போனில் காட்டினான்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பெல்ட்டாடா? தார்ப்பாயை வண்டியில கட்டி இழுக்கறான்! செல்லாது." (தார்ப்பாய்தான். அந்த மட்டில் மாமா சொன்னது சரி.)

2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம். மாந்தோப்பு விற்ற பணம் கையில் இருந்தது. மாமா ஓசூர்ப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அந்த வாரமே அவருக்கு இயற்பியல் விளங்கிவிட்டது.

"பெல்ட் மேல நின்னா ப்ளேன் எழும்புமா? எவன்டா சொன்னான்? காத்து வேணும், காத்துக்கு ஓட்டம் வேணும், ஓட்டத்துக்கு நிலம் வேணும். 2,000 ஏக்கர் பத்தாது!"

மாப்பிள்ளை அடுத்ததை எடுத்துவைத்தான். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி, 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033 வரை புதிதாகப் பன்னாட்டு விமான நிலையம் வர முடியாதாம்.

மாமா டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"அதுவரைக்கும் ராகி போடுவேன்டா."