மூச்சு விடும் சைலன்சர்

எண்பதுகளின் வேளச்சேரியில் மழைத்தண்ணீர் தங்குவதற்கு ஏரி இருந்தது. சாலைக்கு வந்தது மிச்சம்தான். அந்த மிச்சத்தை அப்பா மதித்ததே இல்லை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேத்தக் ஸ்கூட்டரின் பிளக் மூடியில் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவார். முதல் கியர், பாதி கிளட்ச். ஆக்சிலரேட்டரை மட்டும் தளர்த்தக் கூடாது, தளர்த்தினால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

நடுவழியில் நின்றுவிட்டாலும் பதறமாட்டார். ஓரம் தள்ளிப்போய் பிளக்கைக் கழற்றுவார். பழைய பனியன் துணியால் துடைத்து, தீக்குச்சி கிழித்து முனையைச் சூடுகாட்டி மாட்டுவார். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி நாலு உதை. சைலன்சர் தண்ணீரைத் துப்பிவிட்டு, தெருவே இருமும் அளவுக்குப் புகைவிட்டுக் கிளம்பும். எதிர்வீட்டு அம்பாசிடர்காரர் இன்னும் கெட்டிக்காரர். காற்றாடி சுழன்று டிஸ்ட்ரிபியூட்டர்மேல் தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டே தண்ணீரில் இறங்குவார்.

இப்போதைய வண்டிக்குப் புகைக்குழாயிலேயே ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபிறகு பைக்குகளுக்கும் வந்துவிட்டது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலைக் கூட்டவா குறைக்கவா என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் உத்தியோகம். உள்ளே இருப்பது ஜிர்கோனியா பீங்கான். 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாய்க்குள் தானாகத் திரளும் ஈரம்கூட அதற்கு ஆகாது. அந்த ஈரம் காயும்வரை, சென்சாரைச் சூடேற்ற அதற்குள்ளேயே இருக்கும் ஹீட்டரைக் கம்ப்யூட்டர் முழுவேகத்தில் போடாமல் காத்திருக்கும். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்ததும் பக்கத்து பிளாட்காரர் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பின் சென்சார் சார். கனெக்டர்ல தண்ணி ஏறியிருக்கு" என்றார். கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கை பரபரத்தது.

"கனெக்டர்ல கிரீஸை அப்பி, மேல ஒரு கவரைச் சுத்திடு தம்பி."

"கவர் குழாய்ச் சூட்டுல உருகிடும், ஐயா. கிரீஸும் வேணாம். வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் அது கணக்கு பாக்குது. அந்தக் காத்து வயர் வழியாத்தான் உள்ள போகுது. அடைச்சுட்டா தப்பா சொல்லும்."

"மூச்சு வேற விடுதா?" என்றார் அப்பா.

மெக்கானிக் விதிகளை அடுக்கினார். காரின் அடித்தட்டைத் தொடுகிற தண்ணீரில் இறங்கவே கூடாது. வேறு வழியே இல்லையென்றால் முதல் கியரில், அலை எழும்பாமல் ஊர்ந்து போக வேண்டும். நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது; சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும், அந்தச் செலவின் முன் சென்சார் விலை சில்லறைக் காசு. நனைந்த கனெக்டரைக் கழற்றிக் காயவைத்து, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். தன் காலத்து விதிகளில் முதல் கியராவது தப்பியதில் அப்பாவுக்குக் கொஞ்சம் திருப்தி.

"சரி, புகையில என்ன இருக்குன்னு சொல்றதுக்கு ஆள் போட்டுட்டீங்க. தண்ணிக்கு அடியில பள்ளம் எங்க இருக்குன்னு சொல்ல ஒண்ணும் இல்லையா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்கேனரைச் சுருட்டினார்.

அதற்கும் வேளச்சேரிக்காரர்கள் வழி கண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று சொன்னதும் மேம்பாலத்தின் ஓரம் கார்கள் வரிசை கட்டின. சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் என்று புகையைச் சுத்தமாக்க இத்தனை பூட்டிய வண்டிகள், பாலத்தின்மேல் சொட்டுப் புகை விடாமல் நின்றன. மாசுக் கட்டுப்பாடு இதைவிடச் சிறப்பாக எங்கே நடக்கும்?