பாதி விலை நாற்காலி

போக்கர் மேஜையில் பிக் பிளைண்ட் என்று ஒரு இடம் உண்டு. கையில் என்ன சீட்டு வரப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே பணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீலர் பட்டன் ஆட்டத்துக்கு ஒரு இடமாக நகர்வதால், சுற்றுக்கு ஒரு முறை அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்கும். எனக்கு மட்டும் அடிக்கடி வருவதாகத் தோன்றும்.

நான் ஆடுவது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். 4-8 லிமிட் ஹோல்டெம். ஸ்மால் பிளைண்ட் 2 டாலர், பிக் பிளைண்ட் 4. முதல் இரண்டு சுற்றில் நாலு நாலாகத்தான் ஏற்றலாம், கடைசி இரண்டில் எட்டு எட்டாக. இருப்பதையெல்லாம் ஒரேயடியாக நடுவில் தள்ளும் நோ லிமிட் எனக்கு ஒத்துவராது. லிமிட்டில் சொத்து போகாது. சில்லறை சில்லறையாகத்தான் போகும். சம்பளம் போகிற மாதிரியே இருப்பதால் வலியும் தெரியாது.

என் வியாதிக்கு மூலம் ரம்மி. மாமனார் வீட்டுத் திண்ணையில் கற்றது. அங்கே சீட்டு சரியில்லை என்று முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40. விலகுவதற்கும் தண்டம் உண்டு என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஹோல்டெமில் சீட்டை மடக்கினால் புதிதாக ஒரு காசும் போகாது. பிளைண்டாக வைத்த 4 டாலர் நான் மடக்குவதால் போவதில்லை; வைத்தபோதே போய்விட்டது. இது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது. ‘இன்னும் 4 போட்டால் முழு ஆட்டம், பாதி விலைதானே’ என்று அது தானாகவே சில்லுகளைத் தேடும்.

கொடுமை என்னவென்றால், கணக்கும் சில நேரம் என் கை பக்கமே பேசும். எல்லோரும் மடக்கிவிட்டார்கள், பட்டனில் இருப்பவர் 8 டாலராக ஏற்றுகிறார், ஸ்மால் பிளைண்டும் விலகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 14 டாலர். நான் போட வேண்டியது 4. நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று தடவை ஜெயித்தாலே போட்ட 4 தேறிவிடும். பட்டன்காரர் எதை வைத்தும் ஏற்றுகிற ஆசாமி. என்னிடம் சுமாரான ஒன்பது-எட்டு இருந்தாலும் கூட நிற்பது நியாயம்தான். இந்த ஒரு பாடத்தைப் படித்ததும் நான் படிப்பை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் மேஜைக்கு ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா வருவார். சில்லுகளுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்திலிருந்து அவர் ஏற்றினால், கையில் ஜோடி ஏஸ், ஜோடி கிங், ஜோடி குவீன் அல்லது ஏஸ்-கிங். வேறு எதுவும் இருந்ததில்லை. மேஜையே மடக்கிவிடும். நடுவில் அதே 14, நான் போட வேண்டியதும் அதே 4. விலை ஒன்றுதானே என்று ஏஸ்-ஏழை வைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏஸ்-ஏழு நாலில் ஒரு தடவைதான் ஜெயிக்கும். அதைவிட மோசம், நான் வேண்டிக்கொண்ட ஏஸே நடுவில் விரிக்கும் பொதுச் சீட்டுகளில் விழுந்துவிடுவது. உடனே எனக்கு வீரம் வந்துவிடும். அடுத்தடுத்த சுற்றுகளான ஃப்ளாப்பில் 4, டர்னில் 8, ரிவரில் 8. நாலோடு நின்றிருக்க வேண்டிய ஆசை 24 டாலரில் முடியும். டீச்சரம்மா ‘சாரி, ஹனி’ என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். உண்மையில் மாத்திரை தேவைப்படுவது எனக்கு.

வீட்டில் சொன்னேன். ஹோல்டெமைக் கண்ணால்கூடப் பார்த்திராத மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏங்க, ஏத்தினது யாரு?”

“டீச்சரம்மா.”

“அப்புறம் எதுக்கு உள்ள போனீங்க?”

பிக் பிளைண்டைப் பற்றிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான். அந்தப் புத்தகங்களின் விலையை நான் அவளிடம் சொல்லவில்லை.

சரி, துணிய வேண்டிய இடத்திலாவது துணிகிறேனா? ஒருவர் ஏற்றி, நாலு பேர் கூட நின்று, நடுவில் 46 டாலர் குவிந்திருக்கும்போது எனக்கு ஜோடி இரண்டு வரும். ஃப்ளாப்பில் மூன்றாவது இரண்டு விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. போடுவதோ நாலே டாலர். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நான் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு மடக்கிவிடுவேன். ஒரு முறை யாருமே ஏற்றவில்லை. ‘செக்’ என்று சொன்னால் போதும், ஃப்ளாப் இலவசம். ஏழு-இரண்டைப் பார்த்த வெறுப்பில் சீட்டை வீசிவிட்டேன். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை இரண்டாக வாங்குகிறவன், சும்மா கிடைத்ததை விட்டெறிந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஆறுதல் கனடாவிலிருந்து வந்தது. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறையத் தீர்த்தேவிட்டதாக ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். செஃபியஸ் என்று பெயரிட்ட நிரலை உருவாக்க 4,800 ப்ராசஸர்கள் 68 நாள் உழைத்தன. அதில் எனக்கு வேண்டிய செய்தி இருந்தது: இருவருமே பிழையில்லாமல் ஆடினாலும் லாபம் டீலர் பக்கம், பிக் பிளைண்டுக்கு நஷ்டம்தான். பேப்பரை மனைவி முன் நீட்டினேன்.

“அது குறைச்சலா தோத்திருக்குமே,” என்றாள்.

பிறகு நானே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பிக் பிளைண்ட் நெருங்கும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவது. சாவகாசமாகக் கை கழுவி, முகம் துடைத்து, இரண்டு பிளைண்டும் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரும்பினால், என் இடத்துக்கு முன்னால் ‘மிஸ்ட் பிளைண்ட்’ பட்டன் உட்கார்ந்திருந்தது. விட்டுப்போன இரண்டுக்கும் சேர்த்து 6 டாலர் வைத்தால் உடனே சீட்டு போடுகிறேன் என்றார் டீலர். வைக்க இஷ்டமில்லை என்றால் தனியாக எதுவும் கட்டாமல் காத்திருக்கலாம்.

“எதுவரைக்கும்?” என்றேன் ஆவலாக.

“உங்களுக்கு பிக் பிளைண்ட் வரும்வரைக்கும்.”