செட் கம்ப்ளீட்டுங்களா?

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் சுவர் வெளுக்கிறதோ இல்லையோ, குடும்பத் தலைவனின் சாயம் வெளுத்துவிடும். பரணில் இருந்ததையெல்லாம் கூடத்தில் இறக்கிப் போட்டார்கள். ஓட்டை வெந்நீர்த் தவலை, ஒரு சக்கரம் போன நடைவண்டி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிவப்புப் பெட்டி. என் மெக்கானோ செட், துளை போட்ட உலோகத் துண்டுகளை முடுக்கிப் பொம்மை கட்டும் விளையாட்டு.

"இதை மறுபடி பரண்ல ஏத்தறதா இருந்தா நீங்களே ஏணியில ஏறி வையுங்க" என்றாள் மனைவி. என் முதுகின் யோக்கியதை அவளுக்குத் தெரியும். விற்றுவிடு என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

1974இல் அப்பா சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் பழைய புத்தகம் தேடப் போய், புத்தகத்துக்குப் பதிலாக இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைப் பட்டைகள், சிவப்புத் தகடுகள், பித்தளைப் பல்சக்கரங்கள். பட்டை எதுவானாலும் துளைக்குத் துளை அரை அங்குலம். அதனால் எதை எதோடும் முடுக்கலாம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போயிற்று. பெட்டி மட்டும் எங்களோடு நாலு வாடகை வீடு மாறி, சொந்த ஃபிளாட்டுக்கும் வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி, லிவர்ப்பூலில் ஓர் இறைச்சி வியாபாரியிடம் கணக்கெழுதியவர். பிள்ளைகள் விளையாடத் தகட்டை வெட்டித் துளை போட்டார். முதலாளியிடம் 5 பவுண்டு கடன் வாங்கி 1901இல் காப்புரிமை பெற்றார். கோடீஸ்வரராகி, 1931இல் பார்லிமெண்டுக்கும் போனார். நானும் கணக்கெழுதிப் பிழைத்தவன்தான். நானும் முதலாளியிடம் கடன் வாங்கினேன், ஃபிரிட்ஜுக்கு. ஒற்றுமை அதோடு சரி.

நான் கட்டிய ஒரே பெரிய பொருள் ஒரு பாரந்தூக்கி. மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒரு தீபாவளி லீவு முழுக்க நானே உட்கார்ந்து கட்டினேன். அவன் வேலை பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது. தீப்பெட்டியை ஜம்மென்று தூக்கியது. அடுத்து கடுகு டப்பாவைத் தூக்கப் போய், கடுகோடு சேர்ந்து கவிழ்ந்தது. பொங்கல் வரைக்கும் சோபா இடுக்கில் கடுகு கிடைத்தது. மகன் சாஃப்ட்வேர் படிக்கப் போனதற்கு அதுதான் காரணம் என்பது மனைவியின் கட்சி.

இருந்தாலும் கடைசி முயற்சியாக வாதாடினேன். "1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் அவருடைய மாணவரும் மெக்கானோ துண்டுகளை வைத்தே, பெரிய பெரிய சமன்பாட்டுக்கெல்லாம் விடை போடும் இயந்திரம் செய்தார்கள், தெரியுமா?"

"நம்ம பால் கணக்கைப் போடுமா?"

போடாது. விற்பதென்று முடிவாயிற்று. பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்பது அவள் யோசனை. நல்லவேளை, நண்பர் ஒருவர் மூலம் கோயம்புத்தூரிலிருந்து சேகரிப்பாளர் ஒருவர் போன் செய்தார்.

"ஆறாம் நம்பர் பெட்டிங்களா? செட் கம்ப்ளீட்டுங்களா?"

"கம்ப்ளீட்" என்றேன். வாய் கொழுப்பு.

அவர் சொன்ன விலையைக் கேட்டதும் மனைவிக்கே பெட்டிமேல் மரியாதை வந்துவிட்டது. ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். நான் பாகங்களின் பட்டியலை விரித்து எண்ண உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இல்லை.

களவு போகவில்லை. முப்பது வருஷமாக நானே ஒவ்வொன்றாக எடுத்து வீட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். பிளம்பருக்கும் தச்சருக்கும் கொடுக்கும் காசு மிச்சம் என்று அப்போதெல்லாம் மார்தட்டியது நினைவுக்கு வந்தது. ஆடுகிற கேஸ் அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் சிவப்புத் தகடு. துணி காயப்போடும் கொடி ஏறி இறங்க இரண்டு கப்பிகள். முருகன் காலண்டர் தொங்குவது ஒரு முழங்கை இணைப்பில். எட்டு அங்குல அச்சுக்கம்பியைத் தேடி வீடெல்லாம் அலைந்தேன்; அது ஸிங்க்கில் அடைப்புக் குத்துகிற கம்பியாகப் பதவி உயர்வு பெற்று, விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அஞ்சரை அங்குலப் பட்டை ஒன்று, பதினோரு துளை உள்ளது, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள். அதைப் போட்ட அன்று குடும்பத்தோடு நின்று பார்த்தோம்.

போல்ட்டுக்கு ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். பழைய மெக்கானோவின் மரை 5/32 அங்குலம், விட்வொர்த் என்ற பழைய அளவு. கடையில் இருப்பது நாலு மில்லிமீட்டர். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். முடுக்கினால் ஒன்றரைச் சுற்று போய், மாப்பிள்ளை முறுக்கோடு நின்றுவிடும். "கொஞ்சம் தட்டி ஏத்துங்க சார்" என்றார் கடைக்காரர். நான் தட்டி ஏற்றிய சரித்திரம் அவருக்குத் தெரியாது.

எனவே வீட்டைக் கழற்றினேன். வேறு வழியில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இரண்டு நாள். கொடி தொய்ந்து ஈரவேட்டி தரையைத் துடைத்தது. முருகன் மயிலோடு சோபாவில் சாய்ந்திருந்தார். அடுப்பு ஆடி அரை லிட்டர் பால் மேடையில் வழிந்தது. அதையும் பால் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆனால் பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. என் வீடு கழன்று விழ விழ, செட் கம்ப்ளீட் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரர் வந்துவிட்டார். தும்பைப்பூ வேட்டி, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. பட்டையை எடுத்துத் துளை ஓரத்தில் பெயிண்ட் பார்த்தார். சதுர மரைகளைக் கண்டதும் குழந்தை மாதிரிச் சிரித்தார். கம்பியை மட்டும் ஒருமுறை முகர்ந்து, என்னைப் பார்த்து, கீழே வைத்தார். "பரவால்லீங்க, அருமையா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிற்று. முப்பது வருஷத்தில் என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள்.

பணத்தை எண்ணுவதற்கு முன்னால், "ஒரு நிமிஷங்க" என்று எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

கதவு தானாகத் திறந்தது. மூடினார். திறந்தது. பிறகு உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அடுத்து, ஆள் இருப்பதற்கு அத்தாட்சியாக உரத்த குரலில் ஒரு முருகன் பாட்டு. இரண்டு சரணமும் முடித்து வெளியே வந்தபோது வேர்த்திருந்தார்.

"பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லீங்களே சார்?"

"அது உங்க பெட்டியில இருக்கு" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். நான் பணத்தைப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியில் கைவிட்டு பதினோரு துளைப் பட்டையையும் இரண்டு போல்ட்டையும் எடுத்தாள். கொஞ்சம் யோசித்து, அடுப்புத் தகட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"மிச்சத்தை வேணா குடுத்து அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

"அது இல்லாம செட் கம்ப்ளீட் இல்லீங்களே…" என்று அவர் இழுத்தார்.

பாத்ரூம் பக்கம் ஸ்க்ரூ முடுக்குகிற சத்தம் கேட்டது.