'அப்போ மாதிரி இல்லை': மாட்டுங்கா அரங்கியல் குறித்த ஓர் ஆய்வு

பழைய நாட்டிய நாடகம் ஒன்று மறுபடி மேடையேறும்போது, 'அப்போ மாதிரி இல்லை' என்ற தீர்ப்பு திரை விலகுமுன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. இந்த அவசரத்தின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப்பரப்பு மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி. மாதிரிக்கு எடுத்துக்கொண்ட நாடகம் குற்றாலக் குறவஞ்சி. ஷண்முகானந்தா ஹாலில் அது மறுபடி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த 'அப்போ' எப்போது? திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குறவஞ்சியை, ரசிகமணி டி.கே.சி.யின் ஊக்கத்தோடு ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக்கினார். இசை வீணை கிருஷ்ணமாச்சாரியார். ஆக, மூலம் என்று நாம் போற்றும் அந்த மேடையேற்றமே ஒரு மறுமேடையேற்றம். அன்றைக்கும் முன்வரிசையில் ஒருவர், 'சரபோஜி மன்னர் காலத்து மாதிரி வராது' என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லியிருப்பார். சான்று கிடையாது, விட மனமும் இல்லை.

அந்த 1944ஐ நேரில் கண்டதுபோலப் பேசும் மாட்டுங்கா மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. கணக்கு உதைக்கிறதே என்று கேட்கக் கூடாது. அவருடைய அப்பா பார்த்தார். அப்பா பார்த்ததைப் பார்ப்பதும் பார்த்ததுதான். இதை 'வாரிசு சாட்சியம்' என்று அழைக்கலாம்.

காலப் பகுப்பிலும் மாமாவுக்குத் தனி முறை உண்டு. 1963இல் திறந்த ஹால் 1990இல் தீப்பிடித்து எரிந்தது. 1998இல்தான் மறுபடி திறந்தது. எனவே கச்சேரி, நாடகம், கான்டீன் காப்பி அனைத்தும் தீ.மு., தீ.பி. என்று இரண்டாகப் பிரிகின்றன. இடைப்பட்ட எட்டாண்டு இருண்ட காலம். மேன்மையானவை யாவும் தீ.மு.வில் நிகழ்ந்தவை.

"அப்பல்லாம் மைக்கே வேண்டாம், கேட்டேளா? கடைசி வரிசைக்குக் கூட சலங்கை கேக்கும்."

இதைச் சொல்லும்போதே அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் இடத்தில் அந்தக் கை சட்டென்று நின்றுவிட்டால், மேடையில் ஏதோ பிசகு என்று பொருள். கை நிற்காமல் தலையும் சேர்ந்து ஆடினால் நாடகம் பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் தீர்ப்பு மாறாது; எழுதிக் கையெழுத்துப் போட்டதல்லவா!

செம்பூர்த் தரப்பின் சிக்கல் வேறு. வீடு திரும்ப அவர்கள் ஹாலுக்கு அருகிலுள்ள கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி வடாலாவில் வண்டி மாற வேண்டும். நாடகம் இழுக்க இழுக்க, இருட்டில் கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். பிறகு குனிந்தபடி வரிசை வரிசையாக நகர்வார்கள். குறவன் சிங்கன், தேடியலைந்த குறத்தி சிங்கியைக் கண்டுபிடித்து, அவள் நகைகளைக் காட்டி ஒவ்வொன்றாக விசாரிக்கும் வேடிக்கை கடைசியில்தான் வருகிறது. செம்பூரைப் பொறுத்தவரை சிங்கன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். 'முடிவு அப்போ மாதிரி இல்லை' என்று அவர்களும் சொல்கிறார்கள் என்பது ஆய்வாளரைத் திகைக்க வைக்கும் செய்தி.

தாராவிக்காரர்களுக்கு ரயில் கவலை இல்லை. நடந்தே வீடு போய்விடலாம். அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள். குற்றாலமும் 2019 வரை அந்த மாவட்டம்தான், இப்போது தென்காசி. முன்வரிசை ராகத்தைச் சரிபார்க்கும்போது இவர்கள் ஊரைச் சரிபார்க்கிறார்கள். குறத்தி மலைவளம் சொல்லத் தொடங்கியதும் பின்வரிசையில் குரல் எழுகிறது.

"அண்ணாச்சி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு குரங்கைக் கூட காணோமே? சீசனுக்குப் போயிருக்கியளா? கையில இருக்குற பழத்தைப் பிடுங்கிட்டுல்லா போவும்!"

பிறகு ஐந்தருவி, சாரல், செங்கோட்டை பார்டர் பரோட்டா என்று பேச்சு போகிறது. முன்வரிசை மாமா திரும்பி ஒரு முறை முறைக்கிறார். பரோட்டா என்ற சொல் காதில் விழுந்ததும், அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.