பட்டன் டயர்க்காரர்

ஏற்காட்டு மலையில் காட்டெருமையைப் பார்க்கக் கொடுப்பினை வேண்டும். பட்டன் டயர்க்காரரைப் பார்க்கச் சனிக்கிழமை காலை அடிவாரத்தில் நின்றால் போதும். 2020 அக்டோபரில் வந்த புதிய மகிந்திரா தாரோ, 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னியோ, இரண்டில் ஒன்று அவரிடம் இருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் கம்பெனி டயர்கள் ஐந்தும் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கும். அவை இருந்த இடத்தில் கட்டை கட்டையாகப் பல் துருத்திய டயர்கள் வந்து, மட்கார்டுக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். கூரையில் ஆரஞ்சு நிறத்தில் மீட்புப் பலகை இரண்டு. சேறு என்றால் என்ன என்று இன்றுவரை அவற்றுக்குத் தெரியாது. தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்கு மூச்சு தரும் குழாய் ஒன்று கண்ணாடி ஓரமாக வானத்தை நோக்கிப் போகும். ஏற்காட்டில் ஆழமான தண்ணீர் என்று பார்த்தால் படகு விடும் ஏரி ஒன்றுதான். அதற்குள் வண்டியை இறக்கும் உத்தேசம் அவருக்கும் கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் டயரின் ஊளைச் சத்தத்தோடு ஏறி முடித்து, படம் எடுத்துக்கொண்டு, அடுத்ததாக “நாகலூர் பக்கம் ஒரு ஆஃப்ரோடு இருக்காம் ப்ரோ” என்று கிளம்புவார்.

அவரை முட்டாள் என்று தள்ளிவிடுவது அநியாயம். டயரைப் பற்றி அவர் படித்திருக்கும் அளவுக்குச் சிலர் பட்டப்படிப்புக்கே படித்திருக்க மாட்டார்கள். 195 என்றால் மில்லிமீட்டரில் அகலம், 80 என்றால் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 என்றால் அங்குலத்தில் ரிம்மின் விட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய கோளாறு ஒன்றே ஒன்று. டயரை வெளியே தெரியும் சமாச்சாரம் என்றும், கியரை உள்ளே கிடக்கும் சமாச்சாரம் என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. இன்ஜினிலிருந்து கியர் பெட்டி, அங்கிருந்து அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன் பற்சக்கரம், அங்கிருந்து அச்சு என்று இறங்கிவரும் சுழற்சி கடைசியாக மண்ணைத் தொடுவது டயரில். ஆகவே டயரின் விட்டமும் ஒரு கியர்தான். அதைப் பெரிதாக்கினால் வண்டியின் எல்லாக் கியர்களையும் ஒரே அடியில் உயர்த்தியதாக அர்த்தம். மலைக்கு வேண்டியதோ தாழ்ந்த கியர்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஜிம்னிக்குக் கம்பெனி கொடுக்கும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். நம்மவர் ஆசைப்படும் 31 அங்குல டயருக்கு 787. வித்தியாசம் 13 சதவீதத்துக்கு மேல். கிரவுனின் 4.09 என்ற விகிதம், சக்கரம் பெரிதானதும் 3.6 ஆகத் தேய்ந்துவிடுகிறது. மண்ணைத் தள்ளும் விசையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு காணாமல் போகிறது. அந்த 1.5 லிட்டர் இன்ஜின் தரும் முறுக்குவிசையே 134 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 4,000 சுற்றுக்குப் போனால். இந்த வருமானத்தில் பன்னிரண்டு சதவீதத்தைத் தோற்றத்துக்கு எழுதி வைக்கும் தாராள மனசு யாருக்கு வரும்? பத்து வயதுப் பையன் அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு படி ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்த வண்டி அடுத்த வளைவில் ஏறும். பையனுக்காவது பூட்ஸைக் கழற்றத் தெரியும்.

பாதிப்பு ஏற்றத்தோடு முடிவதில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வித்தியாசம். ஏறியதை எல்லாம் இறங்கியாக வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது. டயர் பெரிதானால் அந்தப் பிடியும் அதே விகிதத்தில் தளர்கிறது. கனமான சக்கரத்தை நிறுத்தும் வேலையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும் என்பதால், பேருந்து ஒரே வீச்சில் திரும்பும் வளைவில் அவர் ரிவர்ஸ் போடுவார். பின்னால் நிற்பவர்கள் இதையும் சாகசத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பல் வேறு. விழுந்தது உண்மை, ஆனால் அவர் புலம்பும் அளவுக்கு இல்லை. சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. கணக்குப்படி 100 கிலோமீட்டர் ஓடினால் 88 என்றே காட்டும். லிட்டருக்கு உண்மையில் 14 கொடுத்தாலும் அவர் நோட்டில் 12.3 என்று விழும். அதே மீட்டர் 60 காட்டும்போது வண்டி 68-ல் போய்க்கொண்டிருக்கும் என்பதை மட்டும் அவர் யாரிடமும் புலம்புவதில்லை.

இனி நாகலூருக்கு வருவோம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. காப்பி வந்ததும் தோட்டம் வந்தது. தோட்டம் வந்ததும் அதற்குள் போகும் மண்பாதையும் வந்தது. மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தடியில் வளைந்து ஓடும் அந்தப் பாதைகளில் பழ மூட்டைகளை இழுப்பது பழைய மகிந்திரா ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும். அவற்றின் டயரைப் பாருங்கள். ஒல்லியாக, உயரமாக, எந்தப் படத்திலும் எடுபடாத மாதிரி இருக்கும். இந்த வம்சத்துக்கு மூதாதையான இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் டயர் அகலம் ஆறே அங்குலம்; இன்ஜின் 60 குதிரைத்திறன். அது மேடு ஏறிய ரகசியம், கியர் கம்பிக்குப் பக்கத்தில் தரையில் நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு கம்பியில் இருந்தது. அதைத் தள்ளினால் லோ கியர் விழும். வேகம் பாதியாகும், இழுப்பு இரட்டிக்கும். மழைக்கால நாகலூரில் வழுக்குவது மேலே கிடக்கும் செம்மண் குழம்பு. அதற்கடியில் இருப்பது கெட்டித் தரையும் பாறையும். ஒல்லி டயர் குழம்பை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் போய்ப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதக்கும். மிதப்பது பாலைவன மணலுக்கு நல்லது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாலைவனம் எங்கே இருக்கிறது என்று நம்மவர்தான் காட்ட வேண்டும்.

“தரை இடைவெளி கூட வேண்டாமா?” என்பார். நியாயமான கேள்வி. அச்சு முழுநீளக் கட்டையாக இருக்கும் வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்பு மட்டும்தான் உயரும். நடுவில் தொங்கும் கிரவுன் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரைப் பெரிதாக்குவது ஒன்றே எளிய வழி என்பது சரிதான். ஆனால் விட்டத்தில் கூடியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 235/75 ஆர்15 என்று ஒரு படி மேலே போனால் 40 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 20 மில்லிமீட்டர் உயரம். ஜிம்னிக்கு ஏற்கெனவே 210 இருக்கிறது. தோட்டத்து ஓட்டுநர் இந்த இருபதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. பாறையைக் கண்டால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விடாமல், ஒரு சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றிவிடுவார். கிரவுன் தானாக உயர்ந்துவிடும். இந்த வித்தை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அதனால்தான் நம்மவருக்கு இது தெரிவதில்லை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் பலமானது: “அப்போ டிராக்டருக்கு எதுக்கு சார் அவ்வளவு பெரிய டயர்?” டிராக்டரைச் சாட்சிக்கு அழைத்ததற்கு நன்றி; அது நம் கட்சிக்காரர். அதன் பின்னச்சுக்குள் சுழற்சியைப் பலமடங்கு குறைக்கும் பற்சக்கரங்களை முதலில் வைத்துவிட்டுத்தான் அந்த டயரை மாட்டினார்கள். பெரிய டயருக்குச் சம்பளம் அங்கே கியரிலிருந்து போகிறது. நம்மவரும் அப்படிச் செய்யலாம். 31 அங்குலம் மாட்டிய ஜிம்னிக்கு 4.09 கிரவுனைக் கழற்றிவிட்டு 4.65-ஐ ஒட்டிய பல் கணக்கில் வேறு போட்டால் இழந்தது திரும்பும். முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றி நாலு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்களை உடைத்துக்கொள்ளும். வேலை பெரிது, செலவும் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குறை: செய்த வேலை வெளியே தெரியாது. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பல்லைப் படம் எடுத்துப் போட முடியுமா? பட்டன் டயர்க்காரர் இந்தக் கட்டத்தில் விடைபெற்றுக்கொள்வார்.

ரிம் விஷயத்திலும் இதே கதை. அலாய் வீல் எடை குறைவாகவும் அழகாகவும் இருக்கும், தார்ச்சாலைக்குத் தோதானது. பாறையில் பலமாக அடிபட்டால் அது விரிசல் விடும். இரும்பு ரிம் நெளியும்; நெளிந்ததைச் சுத்தியலால் தட்டிக் காற்று நிற்கும்படி செய்து வீடு வந்து சேரலாம். சக்கரம் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்று நம்மவர் மாட்டும் ஸ்பேசர், பேரிங்கின் மேல் விழும் நெம்புகோல் பாரத்தைக் கூட்டுகிறது. சக்கரம் எறியும் சேறு முழுவதையும் கதவின் மேல் பூசுகிறது. இரண்டாவது விளைவைத்தான் அவர் விலை கொடுத்து வாங்கினார் என்று தோன்றும். அந்தச் சேற்றை ஒரு வாரம் கழுவவும் மாட்டார்.

அப்படியானால் கம்பெனி டயரைத் தொடவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. தோட்டப் பாதையின் கூர்ங்கற்கள் பக்கச்சுவரைக் கிழிக்கும் என்பது உண்மையான கவலை. அதே அளவில், பக்கச்சுவர் தடித்த, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஏ.டி. ரக டயர் அந்தக் கவலைக்குப் போதும். சேற்றுக்கென்றே பிறந்த எம்.டி. ரகத்தில் பற்களுக்கிடையே பள்ளம் அதிகம். ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைந்து, வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். ஏற்காட்டுப் பயணத்தில் மண் எத்தனை கிலோமீட்டர், தார் எத்தனை கிலோமீட்டர் என்று அவரே நேர்மையாகக் கூட்டிப் பார்க்கட்டும். இன்னொரு மருந்து இருக்கிறது, கிட்டத்தட்ட இலவசம்: காற்று. மண்பாதை தொடங்கும் இடத்தில் 28, 30 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை 18 அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் படியும் தடம் நீளும், பிடிப்பு கூடும், கல்லின் மேல் டயர் மடங்கிக் கொடுக்கும். திரும்பித் தார் ஏறும் முன் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பம்பும் ஒரு அளவுமானியும் போதும். அவரிடம் இரண்டும் உண்டு, பெட்டி பிரிக்காமல்.

கடைசி ஆட்சேபம்: “என் வண்டி, என் காசு, அழகுக்காக மாட்டுகிறேன்.” சட்டம் இதை முழுக்க ஒப்புக்கொள்ளாது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் டயரை அளக்கும். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் அழகுக்காக என்று அவர் மனம் திறந்து சொல்வது நல்ல விஷயம். அதோடு விவாதம் முடிந்துவிடும். மலைக்காக என்று சொல்லும்போதுதான் மலை குறுக்கே வந்து நிற்கிறது. அதே 20 வளைவுகளையும் அரசுப் பேருந்து நாள்தோறும் சாதாரண டயரில், ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, சரியான கியரில் ஏறி இறங்குகிறது. ஓட்டுநர் அதைப் படம் எடுத்துப் போடுவதில்லை.

சின்ன ஜீப் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. முதலில் லோ கியரைப் போட்டுப் பழகுங்கள். ஜிம்னியில் அந்த முதல் கியர் 1,000 சுற்றில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில், நிதானமாக நடக்கிற ஆளின் வேகத்தில், எந்தத் தோட்டப் பாதையிலும் ஏற்றிவிடும். இரண்டாவது, காற்றை இறக்கவும் ஏற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, டயர் தேய்ந்த பிறகு கம்பெனி அளவிலேயே ஏ.டி. ரகம் போடுங்கள், இரும்பு ரிம்மில். இத்தனைக்கும் பிறகு 31 அங்குல டயருக்கென்று எடுத்துவைத்த பணம் பெரும்பாலும் அப்படியே மிச்சம் இருக்கும். அதில் கொஞ்சத்துக்கு நாகலூரில் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி வாருங்கள். மலைக்குப் போய் வந்ததற்கு டயரை விட நல்ல அத்தாட்சி அதுதான்.