எழும்பூர் எதற்கு?

நம் இயக்குநர்களின் ஊர் ஞானத்தை மெச்சத்தான் வேண்டும். நாயகன் மதுரையிலிருந்து வந்தாலும் திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் இறங்குவது சென்ட்ரலில்தான். தென்மாவட்ட ரயில்கள் எழும்பூருக்குப் போவது ரயில்வேயின் பிடிவாதம். தோளில் பையோடு வெளியே வந்து அண்ணாந்தால், எதிரிலேயே எல்.ஐ.சி. கட்டடம்! வால்டாக்ஸ் சாலையையும் அண்ணா சாலையையும் ஒரே வெட்டில் ஒட்டவைத்த இந்த வித்தையை மெட்ரோக்காரர்கள் கற்றுக்கொண்டிருந்தால் சுரங்கமே தோண்டியிருக்க வேண்டாம்.

வடசென்னையில் வேலைவாய்ப்புக்குக் குறைவே இல்லை. ஒருவன் கேரம் ஆடுவான், ஒருவன் பந்து உதைப்பான், ஒருவன் குத்துச்சண்டை போடுவான். இடைவேளைக்குப் பிறகு மூவரும் அரிவாள் எடுப்பார்கள். (தண்டையார்பேட்டையில் கணக்கு டீச்சர் இருப்பதாகச் சொல்வது வதந்தி.) காசிமேட்டில் மீனும் கிடைக்கும் என்பார்கள், துரத்துகிறபோது கவிழ்ப்பதற்குக் கூடை வேண்டுமே.

காதலிக்க மட்டும் எல்லோரும் ஈ.சி.ஆர். போய்விடுவார்கள். டோல்கேட்டில் வரிசையே இருக்காது.

இத்தனை அசலாகச் சென்னையைப் படம்பிடிப்பவர்கள் அடுத்த ஊரை மட்டும் விடுவார்களா? 2018-இல் வந்த ‘காலா’வுக்காக மும்பை தாராவியைச் செட் போட்டார்கள். போட்ட இடம், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம்.